குறை சொல்ல வந்தவரைத் திருப்பி அனுப்பலாமா?

வட்டகொடை போன்ற ஒரு தோட்டப்புறக் கடைவீதியில் பத்தாம் திகதி சம்பள நாள் என்றால் கடை முதலாளிக்கு மூச்சு விட நேரமிருக்காது. கொப்பிக் கடன் தீர்க்க வருபவர்கள் ஒருபுறம், அடுத்த மாதத்துச் சாமான் கட்ட வருபவர்கள் மறுபுறம். அந்த நெரிசலுக்குள் ஒரு பெண் ஒரு பையை மேசை மேல் வைத்து, "நானா, போன வாரம் குடுத்த மாவு கட்டி கட்டியா இருக்கு, புளிச்ச வாடை வருது" என்கிறார் என்று வைத்துக் கொள்வோம். கடையில் நிற்கும் பத்துப் பேரும் திரும்பிப் பார்க்கிறார்கள். நானாவுக்குச் சுருக்கென்று கோபம் வருகிறது. "எங்கட கடையில அப்பிடி மா விக்கிறதில்ல. ஒங்கட லயத்துலதான் ஈரம்" என்று சத்தமாகச் சொல்லி விடுகிறார்.

அவர் சொன்னது உண்மையாகக் கூட இருக்கலாம். லயன் அறைகளில் ஈரம் இருப்பது யாருக்குத் தெரியாது? ஆனால் மழைக் காலத்தில் அவருடைய களஞ்சிய அறையும் அதே மலையில், அதே மூட்டத்துக்குள்தான் இருக்கிறது. சீமெந்துத் தரையில் நேரடியாக அடுக்கிய மூடையின் அடிப்பக்கம் ஈரத்தை உறிஞ்சும். சுவரோடு ஒட்டி வைத்த மூடையின் பக்கவாட்டிலும் அப்படித்தான். புதிதாக வந்ததை முன்னால் வைத்து விற்று, பழையதைப் பின்னால் தள்ளிக் கொண்டே போனால் கடைசி மூடை கட்டி பட்டுத்தான் வெளியே வரும். அந்தப் பெண் பொய் சொல்லவில்லை என்பது பின்பக்கம் போய்ப் பார்த்தால் ஒரு நிமிடத்தில் தெரிந்திருக்கும். நானா போய்ப் பார்க்கவில்லை.

அந்தப் பெண் பதில் பேசவில்லை. பையை எடுத்துக் கொண்டு, பழைய கடனைக் கொடுத்து விட்டுப் போய் விட்டார். முறைப்பாடு முடிந்து விட்டது என்று நானா நினைக்கிறார். அது லயத்துக்குப் போய் விட்டது. தண்ணீர் பிடிக்கும் பீலிக்கருகே, கொழுந்து நிறுக்கும் இடத்தில், பிள்ளைக் காம்பராவின் வாசலில் அது இனி ஒரு மாதம் பேசப்படும். அடுத்த சம்பள நாளில் அந்த வரிசையில் இருந்து நாலைந்து குடும்பங்கள் கைக்காசோடு தலவாக்கலைக்குப் பஸ் ஏறும். அது ஒன்றும் தூரமில்லை.

ரொட்டி சுடும் மா தோட்டக் குடும்பத்துக்குச் சிறிய சாமான் அல்ல என்பதையும் நினைவில் வைக்க வேண்டும். 2021 மார்ச்சில் தோட்டத் தொழிலாளரின் நாட்சம்பளம் 1,000 ரூபாவாக்கப்பட்டது. 2024 செப்டெம்பரில் சம்பள நிர்ணய சபை அதனை 1,350 ரூபாவாக உயர்த்தியது. மழையில் நின்று கொழுந்து பறித்த கூலியில் வாங்கிய மா வீணாகும் போது வரும் வார்த்தை சற்றுச் சூடாகத்தான் இருக்கும்.

இங்கே ஒரு விடயத்தை எமது வியாபாரிகள் பலர் கவனிப்பதில்லை. வாடிக்கையாளர்களில் முறைப்பாடு சொல்பவர்கள் மிகச் சிலரே. அதிலும் கொப்பியில் கடன் உள்ளவர் வாய் திறப்பது மிக அரிது. நாலாயிரம் ரூபா பாக்கி வைத்திருப்பவர் எப்படிப் பருப்பில் கல் என்று சொல்வார்? "கடனுக்கும் வாங்கி, குறையும் சொல்றியா?" என்ற பதில் அவருக்கு முன்கூட்டியே காதில் விழுந்து விடுகிறது. ஆகவே கடன் இருக்கும் வரை பேசாமல் இருப்பார். கடன் தீர்ந்த அன்று பேசாமலே போய் விடுவார். "எனக்கு எதிராக ஒருவரும் குறை சொன்னதில்லை" என்று பெருமைப்படும் முதலாளி, தனது கொப்பியைப் புரட்டி, கடந்த இரண்டு வருடத்தில் கணக்கு முடித்துக் கொண்டு திரும்பி வராதவர்களின் பெயர்களை எண்ணிப் பார்க்கட்டும்.

கடுமையாகப் பேசிய ஒருவரை எமது நபி (ஸல்) அவர்கள் எப்படி நடத்தினார்கள் என்பதை அபூஹுரைரா (ரழி) அவர்கள் அறிவிக்கும் ஒரு சம்பவம் ஸஹீஹுல் புகாரியில் பதிவாகியுள்ளது. நபியவர்கள் ஓர் ஒட்டகத்தைக் கடனாகப் பெற்றிருந்தார்கள். கொடுத்தவர் அதைத் திரும்பக் கேட்டு வந்து மரியாதையில்லாமல் பேசினார். ஸஹாபாக்கள் அவரைத் தாக்க எழுந்தார்கள். நபியவர்கள் அவர்களைத் தடுத்து, உரிமை உள்ளவருக்குப் பேசவும் உரிமை உண்டு என்ற கருத்தைச் சொன்னார்கள். பிறகு அதே வயதுடைய ஒட்டகத்தைத் தேடச் சொன்னார்கள். அதைவிடச் சிறந்ததே கிடைத்தது. அதையே கொடுக்கச் சொன்னார்கள். வந்தவரின் பேச்சு முறை சரியில்லை என்பதில் சந்தேகமில்லை. ஆனாலும் அங்கே முதலில் தீர்க்கப்பட்டது அவருடைய உரிமை. அவருடைய தொனி பற்றி விசாரணை நடக்கவில்லை. நாம் கடையில் செய்வது பெரும்பாலும் இதற்கு நேர்மாறானது. மா கெட்டதா என்று பார்ப்பதற்கு முன்பே, "இப்படியா பேசுவது?" என்று தொடங்கி விடுகிறோம்.

தானியக் குவியலுக்குள் கையை விட்டு ஈரத்தைக் கண்ட சம்பவமும் எமக்குத் தெரிந்ததே. மழை பட்டு விட்டது என்று வியாபாரி காரணம் சொன்னார். நபியவர்கள் மழையைப் பற்றிக் கேட்கவில்லை. நனைந்ததை மக்கள் பார்க்கும்படி மேலே வைத்திருக்கக் கூடாதா என்றே கேட்டார்கள். மழை நிறைந்த மலையகத்தில் கடை வைத்திருப்பவர்கள் இதனை இன்னொரு தடவை யோசிக்க வேண்டும். ஈரம் பட்ட மூடையைத் தனியே எடுத்து, சொல்லி, விலை குறைத்து விற்பதில் தவறில்லை. சொல்லாமல் கலந்து விற்பதுதான் பிரச்சினை.

குறையுள்ள பொருளைத் திருப்பிக் கொடுக்கும் உரிமையை ஃபிக்ஹ் நூல்கள் 'கியாருல் ஐப்' என்ற தலைப்பில் விரிவாகப் பேசுகின்றன. அதற்கும் ஒருபடி மேலே, பொருளில் குறையே இல்லாவிட்டாலும் வாங்கியவர் மனம் மாறி வந்தால் வியாபாரத்தை ரத்துச் செய்து கொடுப்பதை, இமாம் கஸ்ஸாலி அவர்கள் இஹ்யாவில் வியாபாரத்தின் இஹ்ஸான்களில் ஒன்றாக எழுதியுள்ளார்கள். பிஸ்மில்லாஹ் சட்டத்துக்குக் கீழேயே "விற்ற பொருட்கள் மீளப் பெறப்படமாட்டாது" என்ற பலகையைத் தொங்க விட்டிருக்கும் கடைகளைப் பார்க்கும் போது இந்தக் கட்டுரையாளருக்குச் சங்கடமாகத்தான் இருக்கிறது.

அந்தப் பலகை சட்டத்திலும் பெரிய பாதுகாப்பல்ல. 1896ஆம் ஆண்டின் பொருள் விற்பனைக் கட்டளைச் சட்டம் இன்னும் இந்நாட்டில் உள்ளது. 2003ஆம் ஆண்டின் 9ஆம் இலக்கப் பாவனையாளர் அலுவல்கள் அதிகாரசபைச் சட்டத்தின் 13ஆம் பிரிவின்படி, உத்தரவாதத்துக்கோ நிர்ணயிக்கப்பட்ட தரத்துக்கோ பொருந்தாத பொருள் பற்றி வாங்கியவர் மூன்று மாதத்துக்குள் எழுத்தில் முறையிடலாம். விசாரணையில் வியாபாரியின் பக்கமும் கேட்கப்படும். குறை நிரூபணமானால் நட்ட ஈடு கொடுக்கவோ, பொருளை மாற்றிக் கொடுக்கவோ, பணத்தைத் திருப்பிக் கொடுக்கவோ அதிகாரசபை உத்தரவிடலாம். 1977 என்ற இலக்கத்துக்கு அழைக்கத் தோட்டத்துப் பிள்ளைகளுக்கும் இன்று தெரியும். ஒரு கிலோ மாவை மாற்றிக் கொடுக்க மறுத்து, ஒருநாள் கடையைப் பூட்டி விட்டு விசாரணைக்குப் போவது எந்தக் கணக்கில் இலாபம்?

ஒரு மாக்கட்டி எவ்வளவு தூரம் போகும் என்பதை 2018இல் இந்த நாடே கண்டது. அவ்வருடம் பெப்ரவரி 26ஆம் திகதி இரவு, அம்பாறை நகரில் முஸ்லிம் ஒருவரின் சிறிய உணவுக் கடையில் சாப்பிட வந்த ஒருவர் தமது உணவில் கட்டி ஒன்று இருப்பதாகக் குற்றம் சாட்டினார். அது சிங்களவரை மலடாக்கும் மாத்திரை என்றார். அப்படியொரு கட்டுக்கதை அதற்கு முன்பே முகநூலில் உலவிக் கொண்டிருந்தது. கூட்டம் சேர்ந்தது. சிங்களம் சரியாக விளங்காத கடைக்காரர் பயத்தில் சொன்ன ஓரிரு சொற்கள், அவர் குற்றத்தை ஒப்புக்கொள்வது போல வீடியோவாகி நாடெங்கும் பரவின. அன்றிரவே கடையும் பள்ளிவாசலும் தாக்கப்பட்டன. வாகனங்கள் எரிந்தன. அடுத்த சில நாட்களில் கண்டி மாவட்டத்தில், திகன பகுதியில் தொடங்கிய வன்செயல்களின் போதும் அந்த வீடியோ சுற்றிக் கொண்டிருந்தது. மார்ச் 6ஆம் திகதி அவசரகால நிலை பிரகடனப்படுத்தப்பட்டது. மறுநாள் முகநூலும் வட்ஸ்அப்பும் முடக்கப்பட்டன. பின்னர் அரச பகுப்பாய்வாளர் திணைக்களம் பரிசோதித்துச் சொன்னது, அது வெறும் மாக்கட்டி என்பதே. உணவில் கலந்து ஒருவரை நிரந்தரமாக மலடாக்கும் மாத்திரை எதுவும் கிடையாது என மருத்துவ நிபுணர்களும் விளக்கினார்கள்.

இதில் பழி அந்தக் கடைக்காரருடையதல்ல. சண்டைக்கென்றே வந்தவர்களை எந்த இனிய வார்த்தையும் தடுத்திருக்காமல் போயிருக்கலாம். ஆனால் எமது கைக்குள் இருக்கும் பங்கைப் பற்றியாவது நாம் யோசிக்க வேண்டும். முதலாவது, விளங்காத கேள்விக்கு 'ஓம்' என்று தலையாட்டக் கூடாது. தமிழும் சிங்களமும் புழங்கும் மலையகக் கடைவீதியில், சாப்பாட்டுக் கடையின் காசு மேசையருகே சிங்களம் நன்றாகப் பேசும் ஒருவர் எந்த நேரமும் இருக்க வேண்டும். ஜும்ஆவுக்கு முதலாளியும் மற்றவர்களும் போய் விட, பதினாறு வயதுப் பையனைத் தனியே விட்டுச் செல்வது எமது பழக்கம். அவனிடம், "ஏதாவது பிரச்சினை என்றால் ஒன்றும் சொல்லாதே, உட்காரச் சொல், எனக்கு அறிவி" என்றாவது சொல்லி வைக்கிறோமா?

இரண்டாவது, குற்றம் சாட்டப்பட்ட உணவை ஒருபோதும் குப்பையில் கொட்டக் கூடாது. வெட்கத்தில் உடனே தட்டை எடுத்துக் கழுவ அனுப்புவதுதான் வழமை. அது ஆதாரத்தை அழித்தது போலாகும். தட்டை மூடி, வந்தவரின் கண் முன்னாலேயே ஒரு பையில் இட்டுக் கட்டி, பகுதிக்குப் பொறுப்பான பொதுச் சுகாதாரப் பரிசோதகரை நீங்களே அழையுங்கள். 1980ஆம் ஆண்டின் 26ஆம் இலக்க உணவுச் சட்டத்தின் கீழ் மாதிரி எடுப்பது அவர் வேலை. அவர் வந்தாலே அபராதம்தான் என்று பயந்து ஒளியும் வழக்கம் எம்மிடையே உண்டு. அப்படியான நேரத்தில் சமையலறை சுத்தமாக உள்ள கடைக்காரருக்கு அவரைவிட நல்ல சாட்சி கிடையாது.

மளிகைக் கடைக்கு இவ்வளவு தேவையில்லை. அங்கே தேவைப்படுவது முதல் ஒரு நிமிடம்தான். சாமானை வாங்கிப் பாருங்கள், முகர்ந்து பாருங்கள், எப்போது வாங்கினார் என்று கேளுங்கள். "கொண்டு வந்தது நல்லதாப் போச்சு அக்கா, இல்லாட்டி எங்களுக்குத் தெரிஞ்சிருக்காது" என்று சொல்வதற்கு ஒரு சதமும் செலவில்லை. கடையில் நிற்கும் மற்றப் பத்துப் பேரும் கேட்டுக் கொண்டிருப்பது அந்தப் பெண்ணின் குறையை அல்ல, உங்கள் பதிலைத்தான். நாளைக்குத் தமது பருப்பில் கல் இருந்தால் என்ன நடக்கும் என்பதை அவர்கள் அங்கே நின்று தெரிந்து கொள்கிறார்கள். முதலாளி இல்லாத வேளையிலும் ஐந்நூறு ரூபாவுக்கு உட்பட்ட சாமானை மாற்றிக் கொடுக்கும் அதிகாரத்தைக் கடையில் நிற்பவருக்குக் கொடுத்து வையுங்கள். மாற்றிக் கொடுத்ததை ஒரு சிறு கொப்பியில் திகதியோடு எழுதச் சொல்லுங்கள். தராசு பற்றி முறைப்பாடு வந்தால் வாதாட வேண்டாம். ஒரு கிலோ படிக்கல்லை எடுத்து அவர் முன்னாலேயே வைத்துக் காட்டுங்கள். வருடாந்த முத்திரை குத்தாத தராசு என்றால் காட்டவும் முடியாது, அது வேறு விடயம்.

எல்லா முறைப்பாடும் நேர்மையானதல்ல என்பது உண்மையே. முக்கால் வாசி பாவித்து விட்டு மிச்சத்தைக் கொண்டு வருபவரும் உண்டு. வேறு கடையில் வாங்கியதை உங்களிடம் நீட்டுபவரும் உண்டு. அதற்கு மருந்து பற்றுச்சீட்டு. வாங்குபவர் கேட்டால் அதைக் கொடுப்பது சட்டப்படி கடமை. கேட்காமலே கொடுக்கும் கடைக்கு இப்படியானவர்களின் தொல்லை குறைவு. முதல் தடவை சந்தேகத்தின் பலனை வாங்கியவருக்கே கொடுங்கள். மூன்றாம் தடவையும் அதே முகம் வந்தால், கொப்பியைத் திறந்து, குரலை உயர்த்தாமல், இம்முறை முடியாது என்று சொல்லலாம். முகநூலில் பொய் எழுதினால், நடந்ததை ஒரே ஒரு தடவை ஆதாரத்தோடு எழுதி நிறுத்திக் கொள்ளுங்கள். மருமகன்மாரையும் கூட்டாளிமாரையும் திரட்டிக் கொண்டு பதிலுக்குப் பதில் ஏசினால், கேள்விப்படாதவர்களும் கேள்விப்படுவார்கள். உயிருக்கோ சொத்துக்கோ மிரட்டல் என்றால் அந்தப் பக்கத்தைப் படமெடுத்துக் கொண்டு பொலிஸில் முறைப்பாடு பதிவு செய்ய வேண்டும். பள்ளிவாசல் நிர்வாகத்துக்கும் அன்றே அறிவிக்க வேண்டும்.

மாற்றிக் கொடுத்தால் நட்டம் யாருக்கு என்று கேட்பவர்களுக்கு ஒரு வார்த்தை. மூடை உங்கள் களஞ்சியத்தில் நனைந்திருந்தால் அது உங்கள் நட்டமே. அடியில் பலகை அடித்து, சுவரிலிருந்து ஒரு முழம் தள்ளி அடுக்கினால் அடுத்த மாரிக்கு அது குறையும். வரும் போதே கெட்டிருந்தால் அதை நீங்கள் சுமக்க வேண்டியதில்லை. அந்தப் பெண் கொண்டு வந்த பையை எறியாமல், மூடையின் சாக்கையும் அதில் அச்சிட்டுள்ள தொகுதி இலக்கத்தையும் எடுத்து வைத்துக் கொண்டு, அடுத்த தடவை லொறி வரும் போது விநியோகஸ்தரின் ஆளிடம் மேசை மேல் வைத்துக் காட்டுங்கள். அவரும் முதலில், "எங்கட களஞ்சியத்துல அப்பிடி மா இல்ல முதலாளி, ஒங்கட கடையிலதான் ஈரம்" என்றுதான் சொல்வார்.