தவறு மட்டும் தங்கும் நினைவு

தலையில் பலத்த அடிபட்டு, தீவிர சிகிச்சைப் பிரிவிலிருந்து பொது வார்டுக்கு மாற்றப்பட்டவரைப் பார்க்க வரும் உறவினரில் பலர் ஒரு தேர்வு நடத்திவிட்டே திரும்புகிறார்கள்: "நான் யாருன்னு தெரியுதா? காலையில என்ன சாப்பிட்டீங்க? நேத்து யார் வந்தாங்க?" கேட்டுக்கொண்டே இருந்தால் நினைவு கூர்மைப்படும் என்ற நம்பிக்கையில் வீட்டாரும் இதைத் தொடர்கிறார்கள். நினைவாற்றல் கடுமையாகக் குன்றியவருக்கு இத்தேர்வால் பயனில்லை என்பதோடு, ஊகித்து விடை சொல்லத் தூண்டும் கேள்வி கெடுதலும் செய்யக்கூடும் என்பதுதான் ஆய்வுகள் காட்டும் செய்தி.

பழைய உறவுகளும் முகங்களும் பெரும்பாலும் தப்பிவிடுகின்றன. குலைந்துபோவது நிகழ்வு நினைவு, அதாவது எது, எங்கே, எப்போது நடந்தது என்பதைப் புதிதாகச் சேர்த்துவைத்துக்கொள்ளும் ஆற்றல். இதற்கு அடிப்படையான ஹிப்போகேம்பஸ் என்னும் பகுதி, காதுக்கு உட்புறமாக மூளையின் ஆழத்தில் அமைந்து, அடியாலும் ஆக்சிஜன் குறைவாலும் எளிதில் சேதமடைகிறது. சைக்கிள் ஓட்டுவது போன்ற பழக்கங்களையும், நினைத்துப் பார்க்காமலேயே மனத்தில் படிந்துவிடும் தொடர்புகளையும் தாங்கும் உள்ளுறை நினைவோ, வேறு பகுதிகளைச் சார்ந்திருப்பதால் பெரும்பாலும் பிழைத்துக்கொள்கிறது. முன்னது போய்ப் பின்னது மட்டும் நிற்பதில்தான் விபரீதம் பிறக்கிறது.

நலமாக இருப்பவர் ஒரு விடையைத் தவறாகச் சொல்லித் திருத்தப்பட்டால், அடுத்த முறை அந்தத் திருத்தத்தை நினைவுகூர்ந்து நாவை அடக்கிக்கொள்கிறார். ஆனால் திருத்தம் என்பதும் ஒரு நிகழ்ச்சியே ஆதலால், நிகழ்வு நினைவு இல்லாதவரிடம் அது தங்குவதில்லை. அவர் சொன்ன தவறான விடை மட்டும், சொல்லப்பட்ட காரணத்தாலேயே, உள்ளுறை நினைவில் படிந்து அடுத்த முறை இன்னும் எளிதாக வந்து நிற்கிறது. ஏனெனில் அந்த நினைவு சரி, தவறு என்று பிரித்துப் பார்ப்பதில்லை. காலையில் பொங்கல் சாப்பிட்டவர் "இட்லி" என்று ஊகித்துச் சொல்ல, மகன் "இல்லப்பா, பொங்கல்" என்று திருத்த, மாலையில் வரும் சித்தப்பாவுக்கும் அதே "இட்லி"தான், முன்னிலும் உறுதியான குரலில், கிடைக்கக்கூடும்.

தோசைக்கல்லில் ஓரிடத்தில் மாவு ஒட்டிக்கொண்டால், சுரண்டி எடுக்காதவரை அடுத்த தோசையும் அங்கேதான் ஒட்டும். நிகழ்வு நினைவு என்பது கரண்டியும் பாதி வெங்காயமும் எண்ணெயுமாக அடுப்பருகே நின்று, ஒட்டியதைச் சுரண்டிக் கல்லைத் தேய்த்து விடும் கை. அந்தக் கை இல்லாத அடுப்படியில், கல் காய்ந்துவிட்டதா என்று பார்ப்பதற்காகவே வருவோர் போவோரெல்லாம் ஆளுக்கொரு கரண்டி மாவை ஊற்றிவிட்டுப் போனால் கல் என்ன ஆகுமோ, அதுதான் பார்வையாளர் நேரத்தில் நடக்கிறது. கெட்டுப்போன கல்லைப் போட்டுவிட்டு வேறு கல் வாங்கலாம் என்ற இடத்தில் உவமை தானாகவே கழன்றுவிடுவதால், இதற்கு மேல் அதை நீட்டுவதற்கில்லை.

பிரிட்டனைச் சேர்ந்த ஆலன் பேட்லி, பார்பரா வில்சன் ஆகிய உளவியலாளர்கள் 1994இல் வெளியிட்ட ஆய்வில், முதல் இரண்டு எழுத்துகளைத் தந்து சொல்லை ஊகிக்கச் செய்து பின்னர்த் திருத்தியதைவிட, சொல்லை முதலிலேயே கூறி எழுதச் செய்தபோது நினைவிழந்தோர் தெளிவாக மேம்பட்டனர். பிழைக்கு இடமே தராத இம்முறைக்குப் பிழையற்ற கற்றல் என்று பெயர். வரலாறு வேண்டுவோர்க்கு: ஜெனீவா உளவியலாளர் கிளபரேடு (1911இல் வெளியிட்ட குறிப்பின்படி) கைக்குள் குண்டூசியை மறைத்து நினைவிழந்த ஒரு நோயாளியின் கையைக் குத்தியதும், அவர் அந்நிகழ்ச்சியை மறந்தும் பின்னர்க் கைகொடுக்க மறுத்ததும், 1960களில் அமெரிக்க உளவியலாளர் ஹெர்பர்ட் டெரஸ் புறாக்களைப் பிழையின்றிப் பழக்கியதும் இதன் முன்கதைகள்.

வீட்டில் இதைக் கடைப்பிடிப்பது கடினமன்று. கேள்விக்கு முன்பே விடையைச் சொல்லி ("நான் உங்க ரெண்டாவது மருமக; போன வருஷம்தான் கல்யாணமாச்சு"), அதை அவரைத் திருப்பிச் சொல்லச் செய்து, அரை நிமிடம், ஒரு நிமிடம், இரண்டு நிமிடம் என இடைவெளியை மெல்ல நீட்டி மறுபடி கேட்பதும், தடுமாறும் கணத்திலேயே, தவறு வாயைவிட்டு வெளிவருவதற்கு முன், விடையை எடுத்துக்கொடுப்பதும், வீட்டார் அனைவரும் ஒரே சொற்களைப் பயன்படுத்துவதும் போதும். சிரமமெல்லாம் வருகிற உறவினரின் வாயை மூடுவதில்தான்.

இதையும் அற்புதமாகக் கருத வேண்டியதில்லை. கற்றுக்கொடுத்த பெயரும் மாத்திரை வேளையும் தங்குமே தவிர, நினைவாற்றல் என்னும் பொது ஆற்றல் வளர்ந்துவிடாது. பயன் உள்ளுறை நினைவால் வருகிறதா, மிச்சமிருக்கும் நிகழ்வு நினைவால் வருகிறதா என்பதிலும் ஆய்வாளரிடையே கருத்து வேறுபாடு உண்டு. ஆனாலும் சந்தையில் விற்கப்படுபவற்றோடு ஒப்பிட்டால் இது நாணயமானது. தலைக்காயத்துக்குப் பின் இந்தியாவில் தாராளமாக எழுதித்தரப்படும் சிட்டிகோலின் மருந்து, 1,213 பேரைக் கொண்டு அமெரிக்காவில் நடந்து 2012இல் வெளியான ஆய்வில், வெற்று மாத்திரையை விஞ்சவில்லை. மூளைக்காயத்தின் பாதிப்பையும் குறைக்கும் என்று விளம்பரப்படுத்தப்பட்ட லுமோசிட்டி விளையாட்டுகளை விற்ற நிறுவனம், அதற்குச் சான்று இல்லை என்ற புகாரில் 2016இல் 20 லட்சம் டாலர் செலுத்த ஒப்புக்கொண்டது.

எல்லா நோயாளிக்கும் எல்லாக் கட்டத்திலும் விடையை ஊட்டிக்கொண்டிருப்பதும் சரியன்று. 2017இல் வெளியான ஓர் ஆஸ்திரேலிய ஆய்வில், கடுமையான மூளைக்காயத்திலிருந்து மீண்டுவந்த 54 பேருக்குச் சமையலை வைத்துப் பயிற்சி தந்தபோது, தவறு செய்யவிட்டுத் தாமே கண்டுபிடித்துத் திருத்தப் பழக்கப்பட்டவர்களே தங்கள் குறைகளை நன்கு உணர்ந்தார்கள். கற்றதைப் பயிற்சியோடு தொடர்புள்ள புதிய வேலைக்கும் கொண்டுசென்றார்கள். பேட்லி, வில்சன் கண்ட முடிவும் இதுவும் முரணல்ல: முன்னது திருத்தத்தை நினைவில் வைக்க இயலாதவரைப் பற்றியது, பின்னது தன் செயலைக் கண்காணிக்கக் கற்க வேண்டியவரைப் பற்றியது. முறையான மதிப்பீட்டை நரம்பு உளவியலாளர்தான் செய்ய வேண்டும் என்றாலும், காலையில் செய்த திருத்தம் மாலையில் தங்கியிருக்கிறதா என்பதைக் குறித்துவைத்துக்கொண்டு போகும் வீட்டார், அவரது வேலையில் பாதியைக் குறைத்துவிடுகிறார்கள்.