அரங்கில் தோற்று வீட்டில் நிலைத்த படம்

கான்சாஸ் சமவெளியில் கட்டி முடிக்கப்படாத ஒரு வீடு. சூறாவளி பழைய வீட்டைத் தூக்கிச் சென்று ஆறு மாதங்களாகின்றன. குளிர்காலம் நெருங்குகிறது, ஹென்றி மாமாவுக்கோ வேலையில் மனம் செல்லவில்லை. அந்த வீட்டில் ஒரு சிறுமி இரவெல்லாம் உறக்கமின்றிப் படுத்திருக்கிறாள். ஓஸ் என்றொரு நாட்டுக்குத் தான் சென்று வந்ததாகவும், வைக்கோல் மனிதனும் தகர மனிதனும் தன் நண்பர்கள் என்றும் அவள் ஓயாமல் சொல்கிறாள். எவரும் நம்பவில்லை. இறுதியில் எம் அத்தை அவளை வண்டியிலேற்றி, மின்சாரத்தால் மனக்கோளாறைப் போக்குவதாகச் சொல்லும் ஒரு மருத்துவரிடம் அழைத்துச் செல்கிறார்.

குழந்தைகளுக்கான படம் ஒன்று இப்படித் தொடங்கினால் பெற்றோர் என்ன நினைப்பார்கள்? 1985 ஜூனில் டிஸ்னி நிறுவனம் வெளியிட்ட 'ரிட்டர்ன் டு ஓஸ்' அந்தக் கேள்விக்கு உடனே விடை பெற்றது. 1939-இல் வந்த 'தி விசார்ட் ஆஃப் ஓஸ்' படத்தின் பாட்டையும் ஆட்டத்தையும் வண்ணக் கோலாகலத்தையும் எதிர்பார்த்து அரங்கிற்கு வந்தவர்கள் திகைத்தனர். இதில் பாட்டே இல்லை. மஞ்சள் செங்கல் சாலை பெயர்ந்து கிடக்கிறது. மரகத நகரம் பாழடைந்து, மக்கள் கல்லாய்ச் சமைந்து நிற்கிறார்கள். இருண்ட படம், குழந்தைகளை அச்சுறுத்தும் படம் என்று விமர்சகர் பலர் எழுதினர். ஏறத்தாழ 2.8 கோடி டாலர் செலவில் எடுக்கப்பட்டதாகச் சொல்லப்படும் இப்படம், அமெரிக்க அரங்குகளில் ஈட்டிய வசூல் சுமார் 1.1 கோடி டாலர்தான். கணக்குப் புத்தகத்தில் அது தோல்வி என்பதில் ஐயமில்லை.

ஆயினும் இன்று நாற்பது, ஐம்பது வயதிலிருக்கும் பலர் தம் இளமையில் கண்ட மறக்க முடியாத படமாக இதனைச் சொல்கிறார்கள். அவர்களுள் பெரும்பாலோர் இதை அரங்கில் பார்த்தவர்கள் அல்லர். வீட்டுக் கூடத்தில், வீடியோ கேசட்டில் பார்த்தவர்கள். அரங்கில் சில வாரங்களே ஓடிய படம் வீடுகளுக்குள் எப்படி நிலைத்தது என்பது சுவையான வரலாறு. அதில் கடனும் உண்டு, வழக்கும் உண்டு.

முதலில் கடன். ஓஸ் கதைகளை எழுதிய எல். ஃபிராங்க் பாம், எழுத்தாளராகப் புகழ்பெறுமுன் பல தொழில்களில் கைசுட்டவர். 1888-இல் டகோட்டா பகுதியில் உள்ள அபர்டீன் நகரில் 'பாம்ஸ் பஜார்' என்ற கடையைத் திறந்தார். வறட்சியில் வாடிய குடியானவர்களுக்குத் தாராளமாகக் கடன் கொடுத்தார். இரண்டு ஆண்டுகளுக்குள் கடை மூடப்பட்டது. 1900-இல் வெளிவந்த முதல் ஓஸ் நூல் பெருவெற்றி பெற்றது. அதன்பின் 1908-இல் கண்ணாடிச் சில்லுப் படங்களும் திரைப்படமும் மேடைப் பேச்சும் கலந்த ஒரு காட்சியை ஊர் ஊராகக் கொண்டு சென்றார். கூட்டம் வந்தது, செலவோ வரவை விழுங்கியது. 1911-இல் அவர் திவாலானார். 1910-இல் 'மரகத நகரம்' பற்றிய நூலோடு ஓஸ் வரிசையை முடித்துவிட்டதாக அறிவித்திருந்தவர், 1913-இல் மீண்டும் ஓஸ் நாட்டுக்கே திரும்ப நேர்ந்தது. தொடர்ச்சிக் கதைகள் கலைத்தாகத்தால் மட்டும் பிறப்பதில்லை என்பதற்கு அவரே சான்று.

அந்த 1910 நூலில் வங்கி வாடிக்கையாளர்கள் கூர்ந்து படிக்கத்தக்க ஓர் அத்தியாயம் உண்டு. சூறாவளிக்குப் பின் வீடு கட்டக் கடன் வாங்கிய ஹென்றி மாமா, பண்ணையை அடமானம் வைத்திருக்கிறார். விளைச்சல் பொய்க்கிறது, தவணை தவறுகிறது, வங்கியாளர் பண்ணையைக் கேட்கிறார். டாரத்தி அவ்விருவரையும் ஓஸ் நாட்டுக்கே அழைத்துக்கொண்டு போய்விடுகிறாள்! கடனிலிருந்து மீள இப்படியொரு வழியை நம் வங்கிக் கிளை எதுவும் பரிந்துரைக்காது. ஆனால் கடைக்காரராகத் தோற்ற ஒருவர் எழுதியது என்று அறிந்து படிக்கும்போது அந்த அத்தியாயம் வேறுவிதமாக ஒலிக்கிறது. 1985 படத்தின் தொடக்கத்தில் தெரியும் அரைகுறை வீட்டின் நிழல் இந்நூலிலிருந்தே விழுந்திருக்க வேண்டும் என்பது என் ஊகம். படத்தின் கதையோ பெரும்பாலும் 1904, 1907 ஆகிய ஆண்டுகளில் வந்த இரண்டாம், மூன்றாம் ஓஸ் நூல்களிலிருந்து கோக்கப்பட்டது.

அந்நூல்களின் உரிமையை டிஸ்னி நிறுவனம் ஐம்பதுகளிலேயே வாங்கிப் பூட்டி வைத்திருந்தது. உரிமைக்காலம் முடியும் தறுவாயில்தான் படத்துக்கு வழி பிறந்தது. இயக்கும் பொறுப்பு வால்டர் மர்ச் என்பவருக்குச் சென்றது. ஒலி வடிவமைப்பிலும் படத்தொகுப்பிலும் ஹாலிவுட்டின் தலைசிறந்த வல்லுநர்களுள் ஒருவர் அவர்; 'அபோகலிப்ஸ் நவ்' படத்தின் ஒலிக்காக ஆஸ்கார் பெற்றவர். அவர் இயக்கிய ஒரே முழுநீளத் திரைப்படம் இதுதான். படப்பிடிப்பின் நடுவில் அவர் நீக்கப்பட்டார். செய்தியறிந்து இங்கிலாந்துக்கு விரைந்த நண்பர் ஜார்ஜ் லூகாஸ், அவருக்காக நிறுவனத்தாரிடம் பரிந்து பேசிய பிறகே மீண்டும் அமர்த்தப்பட்டார். டாரத்தியாக நடித்த ஃபேருசா பால்க்குக்கு அப்போது ஒன்பது, பத்து வயது. 1939 படத்தில் நடித்த ஜூடி கார்லண்டுக்குப் பதினாறு. பாம் மனத்தில் கொண்ட சின்னஞ்சிறுமிக்கு நெருக்கமானவர் ஃபேருசாதான். பெரியவர்களின் உலகில் அவள் எவ்வளவு தனியாக நிற்கிறாள் என்பது அந்த உயரத்தாலேயே விளங்கிவிடுகிறது.

மாணிக்கக் காலணிகளைப் பற்றியும் சொல்லவேண்டும். பாம் எழுதியவை வெள்ளிக் காலணிகள். வண்ணப்படத்தில் பளிச்சிடுவதற்காக அவற்றை மாணிக்கச் சிவப்பாக்கியது 1939 படத்தைத் தயாரித்த எம்.ஜி.எம். நிறுவனம். ஆகவே அந்தச் சிவப்புக்கு உரிமை அவர்களுடையது. டிஸ்னி அதற்கெனத் தனியே கட்டணம் செலுத்தியது. அந்தப் பழைய காலணிகளில் ஒரு ஜோடி 2024 டிசம்பரில் ஏலத்துக்கு வந்தபோது, கட்டணங்கள் நீங்கலாக 2.8 கோடி டாலருக்குப் போயிற்று. ரூபாய், டாலர் மதிப்புகள் காலப்போக்கில் மாறும் என்பது உண்மையே. எனினும் ஒரு முழுப்படத்தின் செலவும் ஒரு ஜோடிக் காலணியின் விலையும் ஒரே எண்ணாக அமைந்தது வியப்புத்தான்.

இனி வழக்கு. வீட்டுத் தொலைக்காட்சியில் வரும் நிகழ்ச்சியைப் பதிவு செய்துகொள்ள உதவும் கருவியை சோனி நிறுவனம் விற்கத் தொடங்கியபோது, திரைத்துறை அஞ்சியது. 1976-இல் யுனிவர்சல் நிறுவனம் வழக்குத் தொடுத்தது. உடன் வாதியாகச் சேர்ந்தது வேறு யாருமல்ல, டிஸ்னி நிறுவனமே. எட்டாண்டுகளுக்குப் பின், 1984 ஜனவரி 17 அன்று, அமெரிக்க உச்ச நீதிமன்றம் ஐந்துக்கு நான்கு என்ற மயிரிழைப் பெரும்பான்மையில் சோனிக்குச் சார்பாகத் தீர்ப்பளித்தது. வீட்டில் பின்னர் பார்ப்பதற்காகப் பதிவு செய்துகொள்வது குற்றமன்று என்றாயிற்று. அதே ஆண்டில்தான் இங்கிலாந்தில் 'ரிட்டர்ன் டு ஓஸ்' படப்பிடிப்பு நடந்தது. எந்தக் கருவியை ஒழிக்க டிஸ்னி நீதிமன்றப் படியேறியதோ, அந்தக் கருவியே அதன் தோற்றுப்போன படத்துக்குப் புகலிடம் கொடுத்தது.

அக்காலத்தில் புதுப்பட கேசட் ஒன்றின் விலை பெரும்பாலும் எண்பது டாலரை ஒட்டியிருந்தது. குடும்பத்தார் எவரும் வாங்கமாட்டார்கள். வாடகைக் கடைகள் வாங்கி, ஓரிரவுக்குச் சில டாலர் பெற்றுக் கொடுத்தன. பிறகு நிறுவனங்கள் வேறொன்றைக் கண்டுகொண்டன. பெரியவர்கள் ஒரு படத்தை ஒருமுறையோ இருமுறையோ பார்ப்பார்கள். குழந்தையோ தனக்குப் பிடித்ததை நூறுமுறை பார்க்கும். அப்படிப்பட்ட படத்தை வாடகைக்கு எடுப்பதைவிட விலைக்கு வாங்குவதே குடும்பத்துக்குச் சிக்கனம். எனவே விலையைக் குறைத்து நேரடியாக வீடுகளுக்கு விற்றார்கள். அதில் முன்னணியில் நின்றதும் டிஸ்னிதான். நம் நாட்டிலும் எண்பதுகளில் விசேட நாள்களில் டெக்கையும் தொலைக்காட்சிப் பெட்டியையும் வாடகைக்கு எடுத்து, விடிய விடியத் தெருவே கூடிப் படம் பார்த்தது பலருக்கு நினைவிருக்கும். 'ரிட்டர்ன் டு ஓஸ்' கேசட்டாகவும், 1999-இல் டிவிடி வட்டாகவும், முப்பதாம் ஆண்டான 2015-இல் புளூ-ரே வட்டாகவும் மீண்டும் மீண்டும் வெளிவந்தது. வாங்குவோர் இருந்ததால்தான் வந்தது. 1939 படமும் முதல் வெளியீட்டில் லாபம் காணாததே. 1956 முதல் தொலைக்காட்சி வழியே வீடு புகுந்த பிறகுதான் அது அமெரிக்கக் குடும்பங்களின் சொத்தாயிற்று.

அரங்குக்கும் வீட்டுக்கும் இடையே இந்தப் படத்தைப் பொறுத்தவரை ஒரு பெரும் வேறுபாடு உண்டு. அது அச்சத்தைப் பற்றியது. மோம்பி என்னும் இளவரசி தலைகளை மாற்றி மாற்றி அணிபவள். கண்ணாடி அலமாரிகளில் தலைகள் வரிசையாக இருக்கின்றன. நள்ளிரவில் டாரத்தி உயிர்த்தூளைத் திருடச் செல்லும்போது அத்தனை தலைகளும் ஒருசேர விழித்துக் கத்துகின்றன. தலையற்ற உடல் படுக்கையிலிருந்து எழுகிறது. பெரியவர்களையே துணுக்குறச் செய்யும் காட்சி. கை, கால்களுக்குப் பதில் சக்கரங்கள் கொண்ட உருளையர்கள் கிறீச்சிட்டு வருவது இன்னொன்று. இருட்டரங்கில் இதைப் பார்க்கும் ஏழு வயதுப் பிள்ளைக்கு இரண்டே வழிகள்: கண்ணை மூடிக்கொள்வது, அல்லது அழுதுகொண்டே வெளியேறுவது. வீட்டிலோ விளக்கைப் போடலாம்; படத்தை நிறுத்தலாம்; அம்மாவின் மடியில் அமர்ந்து, இந்தத் தலை ஏன் பேசுகிறது என்று கேட்கலாம். மறுநாள் அதே காட்சியை மீண்டும் போட்டு, இம்முறை கண்ணை மூடாமல் பார்க்கலாம். பொத்தான் தன் கையில் இருக்கும்போது பிள்ளை அச்சத்தோடு பழகுகிறது.

அப்படித் திரும்பத் திரும்பப் பார்த்தவர்களுக்குத்தான் இப்படத்தின் நுட்பங்கள் புலப்பட்டன. மருத்துவராக வந்த நிகோல் வில்லியம்சனே பிறகு பாறையுருவான நோம் மன்னனாக வருகிறார். தாதியாக வந்த ஜீன் மார்ஷே மோம்பி. மருத்துவமனைத் தள்ளுவண்டியின் கிறீச்சொலி உருளையர்களின் ஒலியாகிறது. ஒலிக்கலைஞர் இயக்கிய படமல்லவா! நோம் மன்னனின் பாறை முகங்கள், களிமண்ணைச் சட்டம் சட்டமாக உருமாற்றிப் படம்பிடித்து வில் வின்டன் குழுவினர் உருவாக்கியவை. சிறப்புக் காட்சிகளுக்காக இப்படம் ஆஸ்கார் பரிந்துரையும் பெற்றது. டிக்-டாக் என்னும் செப்புப் படைவீரனை நான் மிகவும் விரும்புகிறேன். சிந்தனைக்கு ஒன்று, பேச்சுக்கு ஒன்று, செயலுக்கு ஒன்று என மூன்று முடுக்கிகள் அவனுக்கு. சிந்தனை முடுக்கு தீர்ந்த பிறகும் பேச்சு ஓடிக்கொண்டிருக்கக் கூடும். அலுவலகக் கூட்டங்களுக்குச் சென்றவர்களுக்கு இதை விளக்க வேண்டியதில்லை. அந்த உருண்டை உடலுக்குள் ஒரு கழைக்கூத்துக் கலைஞர் மடங்கிக் குனிந்து, சிறு திரையொன்றில் வெளியுலகைப் பார்த்தபடி பின்புறமாக நடந்தார்.

குறைகள் இல்லாமலில்லை. வைக்கோல் மனிதன், தகர மனிதன், சிங்கம் ஆகிய பழைய தோழர்கள் இறுதியில் தலைகாட்டிவிட்டுப் போகிறார்கள். அவர்களைத் தேடித்தானே டாரத்தி இத்தனை தூரம் வந்தாள் என்று குழந்தைகள் ஏமாறுவர். பில்லினா என்னும் கோழியின் முட்டையொன்றால் நோம் மன்னன் வீழ்வது கதைக்குப் பொருந்தினும், நடப்பது சற்று அவசரமாக நடந்துவிடுகிறது. வெற்றி ஊர்வலமும் அப்படியே.

ஆறு வயதுக்குட்பட்ட பிள்ளைகளுக்கு இதைக் காட்டவேண்டாம் என்பேன். அதற்கு மேற்பட்டவர்களைத் தனியே விட்டுவிட்டு எழுந்து போகவும் வேண்டாம். குறிப்பாக முதல் இருபது நிமிடங்கள் உடன் இருங்கள். ஏனெனில் இக்கதையில் அஞ்சவேண்டியவர்கள் மோம்பியும் நோம் மன்னனும் மட்டுமல்லர். பிள்ளை சொல்வதை நோயென்று கருதும் பெரியவர்களும்தான். எம் அத்தை கொடியவர் அல்லர். கையில் பணமில்லாத, குளிர்காலத்துக்கு முன் வீடு முடியவேண்டுமே என்று கவலைப்படும், பாசமுள்ள ஒரு பெண். அதனாலேயே அக்காட்சி உறுத்துகிறது.

படத்தின் முடிவில் வீடு கட்டி முடிக்கப்பட்டிருக்கிறது. டாரத்தி தன் புதிய அறைக் கண்ணாடியில் ஓஸ்நாட்டு இளவரசி ஓஸ்மாவைக் காண்கிறாள். பேரானந்தத்துடன் அத்தையைக் கூவி அழைக்கிறாள். ஓஸ்மா உதட்டில் விரல் வைக்கிறாள். அத்தை வந்து என்னவென்று கேட்கும்போது, ஒன்றுமில்லை, வெறும் பிம்பம்தான் என்று சொல்லிவிடுகிறாள் சிறுமி. அவள் வளர்ந்துவிட்டாளா, எதையோ இழந்துவிட்டாளா என்று படம் சொல்வதில்லை. இந்த இடத்தில் படத்தை நிறுத்தி, உங்கள் பிள்ளையிடம் கேட்டுப் பாருங்கள்: நீயாக இருந்தால் சொல்லியிருப்பாயா?