தலையிலிருந்து தொடங்குங்கள்: வீட்டில் ஓர் ஆர்2-டி2 செய்வது எப்படி?

எங்கள் வீட்டு நிலவறையில் இரண்டு பனிக்காலமாக ஒரு தலை மட்டும் இருந்தது. வீட்டுக்கு வந்த மாமி ஒருவர் அதைப் பார்த்துவிட்டு, "இதென்ன தம்பி, அன்னதானப் பானையின்ரை மூடியே?" என்று கேட்டார். மகள் முகத்தைச் சுழித்துக்கொண்டு மேலே போய்விட்டாள்.

அது 'ஸ்டார் வோர்ஸ்' படங்களில் வரும் ஆர்2-டி2 என்ற ரோபோவின் தலை. நீலமும் வெள்ளையுமாய், உருளை உடம்போடு, வாய்ப்பேச்சு இல்லாமல் விசில் ஒலியிலேயே கதைக்கும் அந்தச் சின்ன உருவத்தைப் படம் பார்க்காதவர்களும் எங்காவது கண்டிருப்பீர்கள். இன்று எங்களுடைய ரோபோவுக்கு உடம்பும் கால்களும் உண்டு. தானாக உருண்டும் திரிகிறது. இப்படி ஒன்றை வீட்டிலே செய்ய முடியுமா, எவ்வளவு முடியும், எங்கே பிழைக்கும் என்று பலர் கேட்பதால் இதை எழுதுகிறேன்.

திரையில் பார்த்தது எது?

முதற்படம் வெளிவந்தது 1977இல். அந்தப் படத்துக்கான முதல் மாதிரி உருவத்தை இங்கிலாந்தில் பில் ஹார்மன் என்ற தச்சர் மரத்தால் செய்தார். படக்குழுவிடம் அப்போது பெரிய பணமில்லை. பழைய பொருட்களைத் தேடி எடுத்து ஒட்டினார்கள். ஆர்2-டி2 தலையில் உருளும் சிறு 'கண்கள்', பழைய பயணிகள் விமானத்தில் இருக்கைக்கு மேலே இருந்த வாசிப்பு விளக்குகள். கதாநாயகனின் ஒளிவாள் கூட, பழைய கிராஃப்ளெக்ஸ் கமராவின் மின்னொளிப் பிடிதான்.

திரையில் நாம் கண்டது ஒரே ரோபோ அல்ல. இரண்டு காலில் நின்று ஆடி அசையும் காட்சிகளில் உள்ளே இருந்தவர் கெனி பேக்கர் என்ற உயரம் குறைந்த நடிகர். மூன்று காலில் உருளும் காட்சிகளில் ஓடியது வேறொரு பொம்மை, தொலைக்கட்டுப்பாட்டில் இயங்கியது. துனிசியப் பாலைவனப் படப்பிடிப்பில் அது அடிக்கடி பிசகி நின்றது. ஆகவே உங்கள் ரோபோ முதல் நாள் சுவரில் போய் முட்டினால் கவலைப்படாதீர்கள். அசலும் அப்படித்தான்.

அசலை வாங்க நினைத்தால், படப்பிடிப்புப் பாகங்களைச் சேர்த்து உருவான ஓர் ஆர்2-டி2 2017இல் அமெரிக்காவில் ஏலம் போன விலை ஏறத்தாழ 27 இலட்சத்து 60 ஆயிரம் டொலர். நமக்கு இருக்கும் வழி செய்வதுதான்.

அளவுகள் எங்கிருந்து வந்தன?

படக்கம்பனி வரைபடம் எதையும் கையில் தரவில்லை. 1999இல் உருவான ஆர்2 கட்டுநர் சங்கத்தைச் சேர்ந்தவர்கள், கண்காட்சிகளில் வைக்கப்பட்ட அசல்களை அளந்தும் படங்களை ஒப்பிட்டும் மில்லிமீட்டர் கணக்கில் வரைபடம் செய்தார்கள். ஒருவர் கண்டுபிடித்த அளவு மற்ற எல்லோருக்கும் போனது. ஒருவர் கால் வார்த்துக் கொடுத்தால் இன்னொருவர் மின்பலகை செய்து கொடுத்தார்.

இந்த வேலை எவ்வளவு திருத்தமானது என்பதற்கு ஒரு சான்று உண்டு. 2013இல் ஜேர்மனியில் நடந்த இரசிகர் விழாவில், பிரித்தானியச் சங்கத்தினர் வீட்டில் செய்த ரோபோக்களைத் தயாரிப்பாளர் கத்லீன் கெனடி பார்த்தார். 2015இல் வந்த படத்துக்கு ஆர்2-டி2 செய்யும் பொறுப்பு, அந்தச் சங்கத்தின் லீ டவர்சி, ஒலிவர் ஸ்டீப்பிள்ஸ் என்ற இருவரிடமே போனது.

வேலை நடக்கும் விதம்

முதலில் எந்தப் பொருளில் செய்வது என்று முடிவெடுங்கள். அலுமினியத்தில் செய்தால் அசல் போலிருக்கும். ஆனால் எடை ஒரு வளர்ந்த ஆளின் எடையை எட்டும், செலவும் பத்தாயிரம் டொலரைத் தாண்டலாம். ஒட்டுப்பலகையும் மெல்லிய ஸ்டைரீன் தகடும் கொண்டு செய்தால் செலவு மிகக் குறையும், பொறுமை அதிகம் வேண்டும். வீட்டில் முப்பரிமாண அச்சுப்பொறி இருந்தால் அதிலேயே எல்லாப் பாகத்தையும் எடுக்கலாம். ஆனால் அது இராப்பகலாக ஓடினாலும் மாதக்கணக்கு எடுக்கும்.

தலையின் விட்டம் சுமார் 46 சென்டிமீட்டர். முழு உயரம் ஒரு மீட்டருக்குச் சற்று மேலே. எதையும் வெட்டுமுன் பழைய பெட்டி மட்டையில் முழு அளவில் ஒன்று செய்து பாருங்கள். கால்களோடு சேர்த்தால் அகலம் கூடும். நிலவறைப் படியால் மேலே ஏறாத ரோபோவைச் செய்துவிட்டு முழித்தவர்கள் இருக்கிறார்கள்.

பெரும்பாலானோர் தலையிலிருந்துதான் தொடங்குகிறார்கள். தலை இரண்டு அடுக்கு. வெளி அடுக்கில் கதவுகளை வெட்டி எடுத்து, உள் அடுக்கில் பொருத்த வேண்டும். உடம்பும் அப்படியே. உள்ளே வளையங்களாலான சட்டகம், அதன்மேல் இரண்டு மெல்லிய தோல்கள். மூன்று காலில் நிற்கும்போது உடம்பு 18 பாகை பின்னே சாயும். அந்தச் சாய்வு பிழைத்தால் மற்ற எல்லாம் சரியாக இருந்தாலும் பார்ப்பவர் கண்ணுக்கு ஏதோ இடறும்.

ஓட்டம் எளிமையானது. பக்கக் கால்கள் இரண்டின் பாதத்திலும் ஒவ்வொரு மோட்டார், நடுப்பாதத்தில் எந்தப் பக்கமும் திரும்பும் சிறு சக்கரம். இரண்டு மோட்டாரும் ஒரே வேகத்தில் சுற்றினால் நேரே போகும். ஒன்று மெதுவானால் அந்தப் பக்கம் திரும்பும். பற்றரிகளைப் பாதங்களின் பக்கத்திலுள்ள பெட்டிகளில் வைத்தால் பாரம் கீழே நின்று, ரோபோ குப்புற விழாது.

தலை நிற்காமல் சுற்ற வேண்டும். உள்ளே விளக்குகளுக்கு வயர் போகிறது. நேரே இழுத்தால் பத்தாவது சுற்றில் முறுகி அறுந்துவிடும். இதற்கென்றே, சுற்றிக்கொண்டே மின்தொடர்பு தரும் 'ஸ்லிப் றிங்' என்ற சிறு உதிரிப்பாகம் இருக்கிறது. விளக்குகளையும் சத்தத்தையும் ஆர்டுயினோ போன்ற சிறிய மின்பலகை பார்த்துக்கொள்ளும்.

நிறம் கடைசி வேலை. எங்கள் வீட்டில் அதிக நாள் போனதும் அதில்தான். அடிப்பூச்சு, அரத்தாள் தேய்ப்பு, மீண்டும் அடிப்பூச்சு. அவசரப்பட்டால் அச்சு வரிகள் பூச்சுக்கு மேலாலும் தெரியும். இன்னொரு பாடத்தையும் சொல்ல வேண்டும். நிறம் பூசி முடித்த ஒரு காலைக் கோடை வெயிலில் காருக்குள் வைத்துவிட்டு நான் கடைக்குப் போனேன். பிஎல்ஏ என்ற அச்சுப் பிளாஸ்டிக் 60 பாகை செல்சியஸ் அளவிலேயே இளகிவிடும். திரும்பி வந்தபோது கால் வாழைப்பழம் போல வளைந்திருந்தது. அன்று இரவு வீட்டில் ஒருவரும் என்னோடு கதைக்கவில்லை.

கவனிக்க வேண்டியவை

அரத்தூளையும் பிசின் ஆவியையும் லேசாக எடுக்காதீர்கள். பனிக்காலம் என்று நிலவறை யன்னலைப் பூட்டிக்கொண்டு ஸ்பிரே அடிப்பது ஆபத்து. அதற்குரிய வடிகட்டி உள்ள முகக்கவசம் போடுங்கள், துணி முகக்கவசம் போதாது. பற்றரிக்கு அருகே பியூஸும், வெளியிலிருந்து ஒரே தட்டலில் அணைக்கும் சுவிச்சும் கட்டாயம். கட்டுப்பாட்டுத் தொடர்பு அறுந்தால் மோட்டார்கள் தாமாக நிற்க வேண்டும். இதைச் சோதிக்காமல் பிள்ளைகள் நிற்கும் இடத்துக்குக் கொண்டுபோகாதீர்கள். உருவத்தின் உரிமை படக்கம்பனியுடையது. உங்களுக்காகச் செய்யுங்கள், விற்பனைக்குச் செய்யாதீர்கள்.

இதெல்லாம் எதற்கு?

"இவ்வளவு காசையும் நேரத்தையும் ஒரு பொம்மைக்கா?" என்று என்னிடம் நேரே கேட்டவர்கள் உண்டு. நியாயமான கேள்விதான். அவர்களுக்கு நான் கேட்டி என்ற சிறுமியின் கதையைச் சொல்வேன்.

அமெரிக்காவின் தென் கரோலினாவைச் சேர்ந்த அல்பின் ஜோன்சன், 'ஸ்டார் வோர்ஸ்' சிப்பாய் உடையணியும் உலகளாவிய இரசிகர் அமைப்பைத் தொடங்கியவர். அவருடைய மகள் கேட்டிக்கு மூளையில் புற்றுநோய். படத்தில் ஆர்2-டி2, நித்திரையில் இருக்கும் ஒரு பெண்ணுக்குக் காவல் நிற்கும் காட்சி வரும். தனக்கும் அப்படி ஒன்று காவல் நிற்க வேண்டும் என்று அந்தப் பிள்ளை ஆசைப்பட்டாள். கட்டுநர் சங்கத்தினர் இளஞ்சிவப்பு நிறத்தில் ஒன்று செய்துதர ஒப்புக்கொண்டார்கள். பெயர் ஆர்2-கேடி. கே, டி என்ற இரண்டு எழுத்தையும் சேர்த்துச் சொன்னால் அவள் பெயர்.

ஆனால் முழு ரோபோவையும் செய்து முடிக்கக் காலம் இருக்கவில்லை. சங்கத்தவர் ஒருவர் கையில் இருந்ததை அவசரமாக இளஞ்சிவப்பாக்கி, 2005 யூலையில் அவளிடம் கொண்டுபோய்ச் சேர்த்தார். கேட்டி அதைக் கட்டிப்பிடித்தாள். அடுத்த மாதம், ஏழு வயதில், இறந்து போனாள். பலர் சேர்ந்து செய்த முழுமையான ஆர்2-கேடி 2006இல் தயாரானது. அன்றிலிருந்து நோயுற்ற பிள்ளைகளைப் பார்க்க மருத்துவமனைகளுக்குப் போய் வருகிறது. 2015இல் வந்த படத்தில் ஒரு காட்சியிலும் நிற்கிறது.

எங்கள் வீட்டுக் கதை அவ்வளவு பெரிதல்ல. மகளுக்கு மின்பலகைக்கு நிரல் எழுதத் தெரியும், எனக்குத் தெரியாது. எனக்கு அரம் பிடிக்கவும் பலகை அறுக்கவும் தெரியும், அவளுக்குத் தெரியாது. அவளுடைய தமிழும் என்னுடைய ஆங்கிலமும் சாப்பாட்டு மேசையில் அஞ்சு நிமிசத்தோடு முடிந்துவிடும். நிலவறையில் அப்படியில்லை. "அப்பா, அந்த அரத்தாளைத் தாங்கோ" என்று தொடங்கினால் இரண்டு மணித்தியாலம் போய்விடும். 'அரம்', 'ஆணி', 'மட்டம்' எல்லாம் அவள் வாயில் வந்தது அங்கேதான்.

தொடங்க விரும்புபவர்கள் முதலில் காசு செலவழிக்காதீர்கள். இந்தச் சனிக்கிழமை ஒரு பெரிய மட்டைப்பெட்டியும் கத்தியும் அளவுநாடாவும் எடுங்கள். 46 சென்டிமீட்டரில் ஒரு வட்டம் கீறுங்கள். கீறும்போது பிள்ளையையும் பக்கத்தில் கூப்பிடுங்கள்.