கரப்பானும் வழுவழு விரிப்பும்

திருப்பத்தூரில் மருந்துக்கடை வைத்திருக்கிறேன். கைக்குழந்தையோடு வரும் தாய்மார்கள் முழங்கை மடிப்பையும் முட்டிக்குப் பின்புறத்தையும் திருப்பிக் காட்டி, "அண்ணே, கரப்பானுக்கு ஒரு ஆயின்மென்ட் குடுங்க" என்பார்கள். கத்தரிக்காய், கருவாடு எல்லாம் ஏற்கெனவே நிறுத்தியாகியிருக்கும். பிள்ளை எதில் தவழ்கிறது என்று கேட்டால்தான் விழிப்பார்கள்.

"வாடகை வீடுண்ணே, சிமென்ட் தரை பேந்து கிடக்கு. மேல மேட்டு வாங்கிப் போட்டிருக்கோம்."

மேட்டு என்பது ரோலிலிருந்து வெட்டித் தரும் பிவிசி விரிப்பு. பிவிசி இயல்பில் விறைப்பானது. தண்ணீர்க் குழாயைப் பார்த்தாலே தெரியும். அதை விரிப்பாகவும் ரெக்சினாகவும் பொம்மையாகவும் வளைய வைக்கப் பெரும்பாலும் சேர்ப்பது தாலேட் எனும் எண்ணெய் போன்ற ரசாயனங்கள். இவை பிளாஸ்டிக்கோடு வேதிப்பிணைப்பு கொள்வதில்லை. வருடக்கணக்கில் மெல்லக் கசிந்து வீட்டுத் தூசியில் ஒட்டிக்கொள்ளும். புது விரிப்பின் வாடை போய்விட்டது என்று நிம்மதி அடைய வேண்டாம். தாலேட்டுக்குப் பெரிதாக வாடையே கிடையாது. தரையோடு தரையாகக் கிடந்து, அதே கையை வாயில் வைக்கும் குழந்தைக்குத்தான் அந்தத் தூசி அதிகம் போய்ச் சேரும்.

சுவீடனின் வார்ம்லாந்தில் பொர்னேஹாக் என்ற ஆய்வாளரின் குழுவினர் ஒவ்வாமைத் தொல்லை உள்ள 198 குழந்தைகள், இல்லாத 202 குழந்தைகள் என இரு தரப்பின் படுக்கையறைத் தூசியையும் சோதித்து, முடிவை 2004-ல் வெளியிட்டார்கள். பியூட்டைல் பென்சைல் தாலேட் அதிகமிருந்த அறைகளின் குழந்தைகளிடம் கரப்பானும் மூக்கொழுகலும் கூடுதலாகத் தெரிந்தன. நியூயார்க்கில் 407 கர்ப்பிணிகளைத் தொடர்ந்த ஆய்வு 2012-ல் வந்தது. இதே ரசாயனத்தின் தடயம் சிறுநீரில் அதிகமாக இருந்த தாய்மாரின் பிள்ளைகளுக்கு, இரண்டு வயதுக்குள் கரப்பான் வரும் வாய்ப்பு, குறைவாக இருந்தவர்களின் பிள்ளைகளைவிட 52 சதவீதம் கூடுதல்.

இந்த ஆய்வுகள் காட்டுவது தொடர்பைத்தான்; தாலேட்தான் காரணம் என்று தீர்ப்பு எழுத இது போதாது. எல்லா ஆய்வுகளும் ஒரே மாதிரி சொல்லவும் இல்லை. பரம்பரையும் தோலின் வறட்சியும் பெரிய காரணங்கள். பக்கத்து ஆத்தங்குடியில் மணல், சிமென்ட், நிறப்பொடி கொண்டு வார்க்கும் கல் பதித்த வளவுகளில் புரண்ட பிள்ளைகளுக்கும் கரப்பான் வந்தது. கரப்பான் தைலம் பிளாஸ்டிக் வந்த பிறகு பிறந்ததல்ல!

ஆனாலும் விலக்கக்கூடியதை விலக்குவதில் என்ன நஷ்டம்? ஐரோப்பிய ஒன்றியம் 2005-லேயே பொம்மைகளில் மூன்று தாலேட்டுகளுக்கு 0.1 சதவீதம் என உச்சவரம்பு வைத்துவிட்டது. நம் நாட்டில் 2021 ஜனவரி முதல் பொம்மைகளுக்கு ஐ.எஸ்.ஐ. முத்திரை கட்டாயம். பிள்ளையார்பட்டித் திருவிழாக் கடையில் பொம்மை வாங்கும்போது முத்திரையைத் தேடுங்கள். இல்லையென்றால் கடிக்கும் வயதுப் பிள்ளையிடம் கொடுக்காதீர்கள். மேட்டைச் சுருட்டிவிட்டுக் கோரைப்பாயில் பருத்தித் துணி விரிக்கலாம். முடியாதவர்கள் தினமும் ஈரத்துணியால் துடையுங்கள். வெறும் துடைப்பத்தால் பெருக்கினால் தூசி எழும்பி மறுபடி அங்கேயே உட்காரும். சாப்பிடுமுன் பிள்ளையின் கையைக் கழுவுங்கள். குளிப்பாட்டி, ஈரம் காயுமுன் மருத்துவர் சொன்ன வாசனையில்லாத களிம்பைத் தடவுங்கள்.

நீர் வடிந்தாலோ, பிள்ளை இரவில் தூங்காமல் சொறிந்தாலோ, மருந்துக்கடைக்கு வராமல் நேரே தோல் மருத்துவரிடம் போங்கள். ஸ்டீராய்டு களிம்புகள் பலவற்றை மருத்துவர் சீட்டில்லாமல் விற்கக்கூடாது என்று 2018-லேயே மத்திய அரசு சொல்லிவிட்டது. சீட்டில்லாமல் கேட்டால் நான் தரமாட்டேன். தருகிற கடையில் நீங்களும் வாங்காதீர்கள்.