ஐந்தாவது மேகம்

பல்கலைக்கழகத் தமிழ் மன்றத்தின் நாடகத்துக்குச் சுவரொட்டி செய்ய ஒப்புக்கொண்டபோது, எனக்குப் படம் வரையவே வராது என்பதை யாரிடமும் சொல்லவில்லை. நான் நம்பியிருந்தது ஃபோட்டோஷாப்பை.

செய்முறை எளிதுதான். முதலில் 'கிளவுட்ஸ்' ஃபில்டர், கறுப்பு வெள்ளைப் புகைமூட்டம் வரும். 'மெஸோடின்ட்' போட்டால் அது சிறு கீறல்களாகச் சிதறும். 'ரேடியல் பிளர்' ஃபில்டரில் 'ஸூம்' வகையை இரண்டு மூன்று முறை ஓட்டினால், கீறல்கள் நடுவிலிருந்து பாயும் ஒளிக்கதிர்களாக நீளும். பிறகு வண்ணம் ஏற்றி, லேயரை நகலெடுத்து, 'டுவெர்ல்' கொண்டு ஒன்றை இடப்பக்கமும் மற்றதை வலப்பக்கமும் முறுக்க வேண்டும். மேல் லேயரை 'லைட்டன்' என மாற்றும் நொடிதான் எனக்குப் பிடித்தது. ஒவ்வொரு புள்ளியிலும் சிவப்பு, பச்சை, நீலம் மூன்றிலும் எந்த லேயரின் அளவு அதிகமோ அது மட்டும் நிற்கும். இரு சுழல்களும் பின்னிக்கொண்டு பூவாய் விரியும்.

இரவு இரண்டு மணிக்கு அதை ஜேபெக் கோப்பாக மட்டும் சேமித்துவிட்டுத் தூங்கினேன்.

மறுநாள் பிராஸ் பாசாவில் ஓர் அச்சுக்கடை. ஏ2 தாளில் 300 டிபிஐ தரத்துக்கு ஏறத்தாழ 4,961க்கு 7,016 பிக்சல் வேண்டும். என் படம் 1,000க்கு 1,414. 'செய்முறைதான் தெரியுமே' என்று பக்கத்துக் காப்பிக்கடையில் மடிக்கணினியைத் திறந்தேன். கிளவுட்ஸ் ஒவ்வொரு முறையும் தற்செயலாகப் புது மேகத்தைத் தரும் என்பது அப்போதுதான் உறைத்தது. ஏழு முறை முயன்றேன். ஏழு படங்கள், ஒன்றும் என்னுடையது இல்லை. பழைய படமோ ஏற்கெனவே அழைப்பிதழில் போய்விட்டது!

மன்றத் தலைவி அக்காவை அழைத்தேன். திட்டுவார் என்று பார்த்தால், "ஏழையும் அனுப்பு. நாடகத்துக்கு எது பொருந்துது?" என்றார். மறதிநோய் வந்த ஒரு தாத்தாவின் கதை அது. உண்மையைச் சொன்னால், முதல் படத்தைச் செய்தபோது நாடகத்தை நான் நினைக்கவே இல்லை. பளிச்சென்று வந்ததும் நிறுத்திவிட்டேன். ஐந்தாவதில் கதிர்கள் வந்து சேரும் இடத்தில் ஓர் இருட்டுக் குழி இருந்தது. இருவரும் அதையே சொன்னோம். அழைப்பிதழையும் மாற்றினோம்.

ஃபோட்டோஷாப்புக்குச் சந்தா கட்ட முடியாதவர்கள் இலவசமான 'கிம்ப்' மென்பொருளில் இதே வேலையைச் செய்யலாம். பெர்க்லியில் படித்த பீட்டர் மாட்டிஸ், ஸ்பென்சர் கிம்பால் என்ற இரு மாணவர்கள் 1990களில் தொடங்கியது அது. அதன் 'சாலிட் நாய்ஸ்' ஃபில்டரில் 'ரேண்டம் சீட்' என்று ஓர் எண் தெரியும். அந்த எண்ணைக் குறித்து வைத்து, படத்தின் அளவையும் மற்ற அமைப்புகளையும் மாற்றாமல் விட்டால், அதே மேகம் திரும்ப வரும். எனக்கு ஒரு வாரம் தாமதமாகத் தெரிந்தது.

ஐந்தாவது மேகம் இப்போது லேயர்களோடு மூன்று இடங்களில் பத்திரமாக இருக்கிறது.