கடன் பத்திரம்

கண்டனூர், காரைக்குடி முதலிய செட்டிநாட்டு ஊர்களில் பர்மாத் தேக்குத் தூண்கள் தாங்கும் மாளிகைகளை இன்றும் காணலாம். அவற்றை எழுப்பிய நகரத்தாருள் பலர் கடல் கடந்து சென்று கடன் கொடுத்து வட்டி பெற்றவர். முதல், வட்டி, தவணை என்னும் மூன்றையும் வரையறுத்து எழுதிக்கொள்ளுதல் அவர்தம் தொழில்முறை. அரசும் கம்பெனிகளும் வெளியிடும் கடன் பத்திரத்திற்கும் இம்மூன்றே அடிப்படையாகும்.

அணை கட்ட அரசுக்கும், ஆலை நிறுவக் கம்பெனிக்கும் பெரும்பொருள் வேண்டும். அதனை ஒருவரே தருதல் அரிது. ஆதலின், பலரிடம் சிறிது சிறிதாகக் கடன் பெற்று, ஒவ்வொருவர்க்கும் பத்திரம் அளிப்பர். இக்காலத்தில் அது தாளாக இராமல் கணக்கிற் பதிவாகவே இருத்தலும் உண்டு. 1,000 ரூபாய்ப் பத்திரம் நூற்றுக்கு 7 வட்டி தருவதாயின், ஆண்டுதோறும் 70 ரூபாயும், தவணை முடிவில் முதலும் வந்து சேர வேண்டும்.

பங்கு வாங்கியவர் கம்பெனியின் உடைமையாளருள் ஒருவர். பத்திரம் வாங்கியவரோ அதற்குக் கடன் கொடுத்தவர். ஆலை கொழித்தால் பங்குதாரர்க்கு ஆதாயம் பெருகும். கடன் கொடுத்தவர்க்குக் குறித்த வட்டிக்குமேல் ஒரு காசும் இல்லை. ஆலை நொடித்து விற்கப்படுமாயின், கடன்களைத் தீர்த்த பின்னர் எஞ்சியதே பங்குதாரர்க்கு உரியது.

தவணைக்கு முன் பணம் வேண்டுவோர் பத்திரத்தைப் பிறர்க்கு விற்கலாம். ஆனால், புதிய பத்திரங்கள் 8 வட்டி தரும் காலத்தில், 7 வட்டிப் பத்திரத்தை முழு விலைக்கு யார் கொள்வர்? வட்டி வீதம் ஏறினால் பழைய பத்திரத்தின் விலை இறங்கும். வீதம் இறங்கினால் விலை ஏறும்.

எழுத்து மட்டும் பொருளுக்குக் காவலாகாது. 1930ஆம் ஆண்டையொட்டி உலகெங்கும் வணிகம் மந்தமுற்று நெல் விலை வீழவே, பர்மிய உழவர் கடனைத் தீர்க்க இயலாராயினர். கீழ்ப் பர்மாவின் முதன்மையான 13 நெல் மாவட்டங்களில், 1930இல் விளைநிலத்தில் நூற்றுக்கு 6 பங்கே நகரத்தாரிடம் இருந்தது. 1937இல் அது 25 பங்காயிற்று. கடனுக்கு ஈடாக வந்த அந்நிலமும் நிலைக்கவில்லை. 1942இல் போர் வந்தது. பலர் அனைத்தையும் விட்டுத் தாயகம் திரும்பினர். 1948இல் விடுதலை பெற்ற பர்மா, அவ்வாண்டே நிலத்தை நாட்டுடைமையாக்கச் சட்டம் இயற்றியது. உழவர் நிலம் இழந்தனர். கடன் கொடுத்தவர் பொருள் இழந்தனர்.

ஆதலின் மாணவர்களே! கடன் பத்திரம் என்பது எழுத்தில் அமைந்த வாக்குறுதியே. அரசாயின் வரி வருவாயும், கம்பெனியாயின் தொழில் வருவாயும் அவ்வாக்கினைத் தாங்குவன. மிகுந்த வட்டியைக் கண்டு மயங்காது, தருவதாகச் சொல்பவர் எதிலிருந்து தருவார் என்று முதற்கண் வினவுதலே அறிவுடைமையாகும்.