கம்பி வைத்த பிறகும் இடுப்பு எலும்பை எடுப்பது ஏன்?

சாரம் சரிந்தோ, மரத்தில் இருந்து தவறியோ விழுந்து முதுகெலும்பு நொறுங்கியவர்களுக்கு டாக்டர்கள் ஸ்குரூ, கம்பி வைத்து முடுக்குகிறார்கள். "கம்பிதான் வச்சாச்சே, இடுப்புல எதுக்கு இன்னொரு வெட்டு?" என்று வீட்டார் பதறுவது உண்டு.

கம்பி வெறும் முட்டுதான். மேல், கீழ் எலும்புகள் ஒன்றாக ஒட்டினால்தான் முதுகு தாங்கும். ஒட்ட வைக்கத்தான் எலும்புத்துண்டு. நோயாளியின் சொந்த இடுப்பு எலும்பில் உயிருள்ள செல்கள் இருப்பதால் அதுவே முதல் தரம். ஆனால் எடுத்த இடம் சிலருக்கு மாதக்கணக்கில் வலிக்கும். இறந்தவர்கள் தானம் செய்த எலும்பு, செராமிக் துகள்களும் வைக்கிறார்கள். 2002-ல் அமெரிக்கா அனுமதித்த பி.எம்.பி. என்ற புரதமும் உண்டு. விலை ஜாஸ்தி. கழுத்தில் வைத்தால் வீங்கி மூச்சை அடைக்கலாம் என்று 2008-ல் அந்நாட்டு அரசே எச்சரித்தது.

எலும்பு ஒட்ட 6 மாதம் முதல் 1 வருடம் வரை ஆகும். அதற்குள் வலி போச்சே என்று மூட்டை தூக்கினாலோ, பீடி, சிகரெட்டை விடாவிட்டாலோ ஒட்டாமல் போகலாம். ஒட்டாத முதுகில் நாளடைவில் ஸ்குரூவே முறியும். அப்புறம் மறுபடியும் ஆபரேஷன்தான்.